உட் பேனல்ல கீறலா? துணிய எடுக்கறதுக்கு முன்னாடி நகத்த வெச்சுப் பாருங்க

போன இதழ்ல சீட் கவர் சுத்தம் பண்றது பத்தி எழுதினேன், அதுக்கு வந்த லெட்டர்ல சீட்ட விட்டுட்டு முக்காவாசிப் பேர் டேஷ்போர்டுக்குப் போயிட்டீங்க. வண்டிக்குள்ள இருக்கற உட் ஃபினிஷ் பட்டை, அதுல விழுந்த கோடு, அத எப்படி எடுக்கறதுன்னு ஒரே கேள்விதான், ஆனா ஆளுக்கொரு விதமா கேட்டிருக்கீங்க. சரி, இந்த தடவ முழுக்க அதுவே.

கேள்வி: அண்ணா வணக்கம். போன வருஷம் ஒரு பழைய இன்னோவா டாப் மாடல் எடுத்தேன். இன்ஜின் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கியர் பக்கத்துல இருக்கற உட் பேனல்லயும், டிரைவர் கதவுல பவர் விண்டோ சுவிட்ச் இருக்கற எடத்துலயும் மெல்லிசா நிறைய கோடு. நிழல்ல தெரியாது, காலைல வெயில் சைடுல அடிச்சா அசிங்கமா தெரியுது. வீட்டுக்கு ஜன்னல் வேலைக்கு வந்த ஆசாரி "ஒரு கோட்டு பாலிஷ் போட்டா புதுசாயிடும்"ங்கறார், மச்சான் டூத்பேஸ்ட் வெச்சுத் தேய்க்கச் சொல்றான். யாரு சொல்றதக் கேக்கறது?
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: ரெண்டு பேரையும் கேக்காதீங்க தம்பி. ஆசாரி மேல தப்பு சொல்ல முடியாது, அவரு அத மரம்னு நெனச்சு சொல்றாரு. உங்க வண்டில இருக்கறது மரமே இல்ல. பிளாஸ்டிக் பேனல் மேல மர ரேகைய பிரிண்ட்டா ஏத்தி, அதுக்கு மேல கிளியர் கோட், அதாவது நெறமில்லாத தெளிவான பூச்சு, அடிச்சது. இந்த மாதிரி பேனல நிறைய எடத்துல எப்படிப் பண்றாங்கன்னா, பிரிண்ட் பண்ண ஃபிலிமத் தண்ணித் தொட்டில மிதக்க விட்டு, அது இளகறதுக்கு மருந்து அடிச்சு, பேனல மெதுவா உள்ள அமுக்கி எடுப்பாங்க, ரேகை அந்த வளைவு நெளிவுல அப்படியே ஒட்டிக்கும், அப்புறம் காய வெச்சு கிளியர். ஆக நீங்க கைல தொடறது கிளியர் கோட்ட, கோடு விழுந்திருக்கறதும் அதுலதான். சுவத்துல மாட்டியிருக்கற ஃபோட்டோவ நெனச்சுக்கங்க, மேல இருக்கற கண்ணாடில கோடு விழுந்தா யாராவது ஃபோட்டோவுக்குப் பெயிண்ட் அடிப்பாங்களா.

ஆசாரி சொல்ற பாலிஷ் அநேகமா அவலரக்க ஸ்பிரிட்ல கரைச்சு துணி உருண்டைல பூசற பிரெஞ்ச் பாலிஷா இருக்கும். பூஜை ரூம் கதவுக்கு அது அழகுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா காய்ஞ்சு இறுகின கிளியர் கோட் மேல அது சரியா பிடிக்காது, வெயில்ல நிக்கற காருக்குள்ள சூட்டுக்கு இளகும், அரக்கு ஸ்பிரிட்ல கரையற சரக்குங்கறதால சானிடைசர் கையோட தொட்டாலே பிசுபிசுன்னு விரல் ரேகை பதியும். மச்சானோட டூத்பேஸ்ட்டும் ஒரு வகைல பாலிஷ்தான், பல்லத் தேய்க்க அதுக்குள்ள நைசான பொடி போட்டிருப்பாங்க, அதனால சில பேருக்கு அது வேலை செஞ்சிருக்கும், பொய்யில்ல. ஆனா எந்த பேஸ்ட்ல எவ்வளவு சொரசொரப்புன்னு டியூப்ல எழுதியிருக்க மாட்டாங்க, ஒண்ணு கோட்ட எடுக்கும், இன்னொண்ணு பேனலயே மங்கடிச்சுடும், போதாததுக்கு சுவிட்ச் இடுக்குல போய் வெள்ளையா காய்ஞ்சு உக்காந்துக்கும், அத நோண்டறப்ப இன்னும் நாலு கீறல்.

இப்ப நீங்க பண்ண வேண்டியது. மொதல்ல நகம். கோட்டுக்குக் குறுக்கால விரல் நகத்த மெதுவா இழுத்துப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா மேலோட்டமான கீறல், கையாலயே சரி பண்ணிடலாம். நகம் 'டக்'குனு மாட்டினா அது ஆழம், அதுக்கு வேற வழி, கீழ இன்னொருத்தர் கேட்டிருக்கார் அங்க சொல்றேன். நீங்க சொல்றத வெச்சுப் பார்த்தா, நிழல்ல தெரியல, சாய்ஞ்ச வெயில்ல மட்டும் தெரியுதுன்னா, பெரும்பாலும் மொத ரகம்தான், மோதிரம், சாவி, தூசித் துணி போட்ட கோடு.

வண்டிய நிழல்ல நிறுத்தி பேனல் சில்லுன்னு ஆகற வரைக்கும் விடுங்க. இது ரொம்ப முக்கியம், நம்ம ஊரு வெயில்ல காலைல பத்து மணிக்கு மேல வெளிய நிக்கற வண்டில பாலிஷ் போட்டா தேய்க்கறதுக்குள்ள காய்ஞ்சு பொடியாயிடும், அந்தப் பொடியே கீறும். அதனால விடியக்காலைல வெச்சுக்கங்க. பெயிண்ட் பிரஷ் இருக்கில்ல, புதுசா மெதுவா ஒண்ணு வாங்கி இடுக்குல இருக்கற தூசியத் தள்ளி விடுங்க, வேக்குவம் இருந்தா கூடவே பிடிங்க. அப்புறம் ஒரு மக்கு தண்ணில பேபி ஷாம்பு ரெண்டு சொட்டு, மைக்ரோஃபைபர் துணிய முக்கி நல்லா பிழிஞ்சு, சும்மா ஒத்தி ஒத்தி எடுங்க. தண்ணி சுவிட்சுக்குள்ள இறங்கக் கூடாது. இந்த எடத்துலதான் பாதிப் பேர் கோட்ட விடறாங்க, தூசி இருக்கறப்பவே பாலிஷப் போட்டு பரபரன்னு தேய்ச்சுட்டு, பாலிஷ் சரியில்லங்கறாங்க.

பேனலச் சுத்தி இருக்கற கருப்பு பிளாஸ்டிக், ரெக்சின், எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. சொரசொரப்பான கருப்பு பிளாஸ்டிக்ல பாலிஷ் பட்டா வெள்ளைக் கறை லேசுல போகாது. இப்ப ஒரு ஃபைன் பாலிஷ், அதாவது கடைசி ஃபினிஷிங்குக்குப் போடற ரகம், இல்லன்னா மெகுயர்ஸ் பிளாஸ்ட்எக்ஸ் மாதிரி கிளியர் பிளாஸ்டிக்குக்குன்னே வர்ற பாலிஷ். டிங்கரிங் கடைல கேட்டா ரப்பிங் காம்பவுண்டத் தூக்கிக் கொடுப்பாங்க, அது வெளி பாடிக்கு, உள்ள வேண்டாம். பட்டாணி அளவு எடுத்து, மொதல்ல கண்ணுக்குப் படாத ஒரு மூலைக்குப் பக்கத்துல டெஸ்ட் பண்ணிட்டு, அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தேய்ங்க. எப்படித் தேய்க்கறதுன்னு கேட்டா, பாடில பண்ற மாதிரி வட்டம் வட்டமா வேண்டாம், மர ரேகை எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே நீளவாக்குல. தேய்ச்சதுல ஏதாவது நைஸ் கோடு மிஞ்சினாலும் ரேகையோட ரேகையா கலந்துடும், கண்ணுக்குத் தெரியாது. கைல பாரம் போடாதீங்க. கொஞ்சம் தேய்ச்சு, தொடைச்சு, மொபைல் டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. பத்தலன்னா இன்னொரு ரவுண்டு.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் துணியத் திருப்பிப் பாருங்க. வெள்ளையாவோ அழுக்காவோ இருந்தா சரி. பிரவுன் கலர் லேசா ஏறியிருந்துச்சுன்னா அப்பவே கைய எடுத்துடுங்க, கிளியர் முடிஞ்சு பிரிண்ட்டுக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம், அதுக்கு மேல அது பாலிஷ் வேலை இல்ல, பேனல் மாத்தற வேலை. பேனலோட ஓரம், முனை, வளைவு மேடு, இங்கெல்லாம் கிளியர் மெல்லிசா இருக்கும், அந்தப் பக்கம் போகவே போகாதீங்க. பத்துக்கு எட்டு கோடு மறைஞ்சா நிறுத்திக்கங்க, மிச்ச ரெண்டுக்கு ஆசைப்பட்டுத்தான் நிறைய பேனல் போயிருக்கு.

கேள்வி: கார் டேஷ்போர்டு மரத்துல கோடு இருந்துச்சுன்னு தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவினேன், மாயமா மறைஞ்சுடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வந்துடுச்சு, அதோட அந்த எடம் முழுக்க தூசி வேற. ஏன் இப்படி? வால்நட் பருப்ப வெச்சுத் தேய்ச்சா நிரந்தரமா போகும்னு வீடியோல காட்டறாங்களே?
– அம்மாபேட்டை வாசகி

பதில்: மறையலம்மா, ஒளிஞ்சுக்கிச்சு. கீறல் கண்ணுக்குத் தெரியறதுக்குக் காரணமே அந்தப் பள்ளத்துல காத்து இருக்கறதுதான். வெளிச்சம் காத்துல வந்து கிளியர் கோட்டுக்குள்ள போறப்ப வளையும், கீறலோட விளிம்புல கண்டபடி சிதறும், அதத்தான் நாம வெள்ளைக் கோடா பாக்கறோம். இந்த வளையற அளவுக்கு ஒரு நம்பர் உண்டு, காத்துக்கு 1, கிளியர் கோட்டுக்கு ஏறக்குறைய 1.5, தேங்காய் எண்ணெய்க்கு 1.45. எண்ணெய் போய் பள்ளத்த ரொப்பினதும் ரெண்டு நம்பரும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடுது, வெளிச்சத்துக்கு அங்க ஒரு பள்ளம் இருக்கறதே தெரியல, நேரா போயிடுது. எண்ணெய் வழிஞ்சோ துணில ஒட்டியோ போனதும் காத்து திரும்ப வந்துடும், கோடும் வந்துடும். வண்டிய யாருக்காவது காட்டி விக்கறவங்க இந்த வேலையச் செய்வாங்க, பழைய வண்டி வாங்கப் போறப்ப உட் பேனல் ரொம்பப் பளபளன்னா ஒரு ஈரத் துணில தொடைச்சுப் பாத்துடுங்க.

உங்க எண்ணெய் வீண் போகல, ஒரு உபயோகம் இருக்கு. எண்ணெய் தடவினதும் கோடு முழுசா மறையுதுன்னா கீழ பிரிண்ட்டு நல்லா இருக்கு, பாலிஷ்ல சரியாயிடும்னு தைரியமா இறங்கலாம். எண்ணெய் தடவியும் வெள்ளையாவோ கருப்பாவோ கோடு நிக்குதுன்னா கலரே போயிருக்கு. பாத்துட்டு ஷாம்பு தண்ணில எண்ணெய சுத்தமா எடுத்துடுங்க.

வால்நட் விஷயமும் இதேதான். எண்ணெய் குடிக்கற மர சாமான்ல, அதாவது லேக்கர்ங்கற பளபளப்புப் பூச்சு இல்லாத மேஜை நாற்காலில, பருப்போட எண்ணெய் மரத்துக்குள்ள இறங்கி நெறத்தக் கூட்டிக் காட்டும், அதனால கீறல் மங்கும். கார் பேனல்ல மேல இருக்கற கிளியர் கோட்டு ஒரு சொட்டு எண்ணெய்கூட குடிக்காது. அந்த வெலைக்கு விக்கற பருப்ப பேசாம சாப்பிட்டுடுங்க.

கேள்வி: நாங்க வெள்ளிக் கொலுசு பட்டறை வெச்சிருக்கோம். பஃபிங் மோட்டார், அதுல சுத்தற துணிச் சக்கரம் (பஃப்), அதுல தடவற பாலிஷ் சோப்பு எல்லாம் கைவசம் இருக்கு. கொலுசுக்கே கண்ணாடியா பளபளப்பு வருது, கார் பேனலக் கழட்டிக் கொண்டாந்து அதுலயே ஒரு பிடி பிடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடுமே, சரிதானே சார்?
– செவ்வாய்பேட்டை வாசகர்

பதில்: அஞ்சு நிமிஷம் எதுக்கு, அஞ்சு செகண்டுல முடிஞ்சுடும், பேனல். வெள்ளி உருக 960 டிகிரிக்கு மேல வேணும், சூட்ட வேற உடனே கடத்திடும், அதனால பஃப்ல வெச்சு அழுத்தினா உங்க விரல்தான் சுடும், கொலுசுக்கு ஒண்ணும் ஆகாது. பிளாஸ்டிக் அப்படி இல்ல, சூடு பட்ட எடத்துலயே நிக்கும், நூறு டிகிரிய ஒட்டியே இளக ஆரம்பிச்சுடும். சாதாரண பஃபிங் மோட்டார் நிமிஷத்துக்கு 2800 சுத்து ஓடுது, பஃப் பெருசா இருந்தா அதோட விளிம்பு போற வேகம் இன்னும் ஜாஸ்தி. கிளியர் இளகி வழிச்சுட்டு வந்துடும், பேனல் முனை பஃப்ல மாட்டினா கைல இருந்து பிடுங்கி செவுத்துல அடிக்கும். சோப்புல மெழுகும் கொழுப்பும் வேற இருக்கு, அது ரேகை இடுக்குல போய் அடைஞ்சா பிற்பாடு கிளியர் அடிக்கக்கூட முடியாது.

மெஷின்தான் வேணும்னா கார் டீடெய்லிங்ல உபயோகிக்கற சின்ன டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (சுத்தறதோட ஆடவும் செய்யற ரகம்), மூணு இன்ச் ஸ்பான்ஜ் பேட், கொறைஞ்ச ஸ்பீடு. ஆனா கைத்தொழில்காரர் நீங்க, கை நிதானம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல, கையாலயே பண்ணுங்க.

கேள்வி: ஸ்கூல் விட்டு வர்றப்ப பையன் காம்பஸ் முள்ளால பின் கதவு உட் பேனல்ல கோடு இழுத்துட்டான். நகம் மாட்டுது. கிளியர் நெயில் பாலிஷ் இல்லன்னா ஃபெவிக்விக் ஊத்தி ரொப்பலாமா?
– சூரமங்கலம் வாசகி

பதில்: நெயில் பாலிஷ் வேண்டாம். அதுல இருக்கற கரைப்பான் சில பிளாஸ்டிக்கயும் சில லேக்கரயும் சாப்பிடும், கொஞ்ச நாள்ல மஞ்சளாகவும் செய்யும். அதே காரணத்துக்காகத்தான் தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் இது எதையும் வண்டிக்குள்ள திறக்கவே திறக்காதீங்கன்னு சொல்றேன், டேஷ்போர்டுல அதிகமா வர்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக் அசிட்டோன்ல அப்படியே கரையும்.

ஃபெவிக்விக் மாதிரி பசை, அத யோசிக்கலாம். மரவேலைக்காரங்க சின்ன பள்ளத்துக்கு அந்த ரகப் பசைய ரொப்பறது உண்டு, காய்ஞ்சா தெளிவா இருக்கும், தேய்ச்சா பாலிஷ் ஏறும். ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு, காயறப்ப அதோட ஆவி பக்கத்துல போய்ப் படிஞ்சு வெள்ளைப் பூசணம் பூத்தாப்புல ஆயிடும், அதனால நாலு கதவையும் திறந்து வெச்சு, சுத்தி டேப் ஒட்டி, குண்டூசி முனைல தொட்டு கோட்டுக்குள்ள மட்டும் மெல்லிசா விடணும், டியூப அமுக்கி ஊத்தினா கதை கந்தல். இன்னொண்ணு, அது சூட்டுக்கு அவ்வளவா தாங்காது, டேஷ்போர்டு மாதிரி வெயில் நேரா அடிக்கற எடத்துக்கு ஆகாது. உங்களது பின் கதவு, பரவால்ல.

என்னக் கேட்டா டச்-அப் கிளியர், கார் பெயிண்ட் கடைல சின்ன பாட்டில் பிரஷ்ஷோட கிடைக்கும், அதுதான் நல்லது. மொதல்ல பள்ளத்துக்குள்ள கலர் போயிருக்கான்னு பாருங்க. போயிருந்தா அக்ரிலிக் கலர்ல பிரவுன் கொஞ்சம் கருப்பு கொஞ்சம் கலந்து, ரேகைல இருக்கற டார்க் கோட்டு நெறத்துக்குக் கொண்டு வந்து, நுனி பிரஷ்ல விடுங்க. லைட் கலருக்கு மேட்ச் பண்ணப் பாக்காதீங்க, டார்க்கா விட்டா மரத்துல அதுவும் ஒரு ரேகைன்னு கண்ணு ஏமாந்துடும். காய்ஞ்சதும் கிளியர் ஒரு கோட்டு. அது காய்ஞ்சதும் அமுங்கும், மறுபடி ஒரு கோட்டு. பக்கத்துல இருக்கற மட்டத்த விட ஒரு மயிரிழை மேடா நிக்கற வரைக்கும் இப்படியே, அவசரப்படாம. அப்புறம் ரெண்டு மூணு நாள் அப்படியே விட்டுடுங்க, மேல காய்ஞ்சாப்புல இருக்கும், உள்ள பச்சையா இருக்கும்.

மட்டம் பண்றது வாட்டர் பேப்பர்ல. 2000 நம்பர், அப்புறம் 3000. 2000 பேப்பர்ல இருக்கற மணி பத்து மைக்ரான் அளவுதான், ஒரு தலைமுடில ஏழெட்டுல ஒரு பங்கு, இருந்தாலும் கிளியர் கோட்டும் அந்தக் கணக்குல மெல்லிசுதான், அதனால தைரியம் வேண்டாம். பையனோட அழிரப்பர ஒண்ணு எடுத்து அதுல பேப்பரச் சுத்தி, சோப்புத் தண்ணி தொட்டுத் தொட்டு, அந்த மேட்டுல மட்டும். விரல்ல பேப்பர வெச்சுத் தேய்ச்சா விரல் போற எடமெல்லாம் பள்ளமாயிடும். மேடு மறைஞ்சு மங்கலா ஆனதும் மேல அஸ்தம்பட்டிக்காரருக்குச் சொன்ன பாலிஷ். பளபளப்பு வந்துடும். கோடு இருந்த எடம் உங்களுக்குத் தெரியும், ஏறி உக்கார்றவங்களுக்குத் தெரியாது, அது போதும்.

பொதுவா எல்லாருக்கும் ஒரு வார்த்தை, முன் சீட்டு பயணி பக்கம் டேஷ்போர்டுல ஏர்பேக்னு எழுதியிருக்கற மூடி, அதுக்கு ஒட்டி இருக்கற உட் பட்டை, அங்க பசை, கிளியர், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம், கழட்டவும் வேண்டாம். அந்த மூடி பிரியணும்னு வெச்ச எடத்துல பிரிஞ்சாகணும். ஹார்டனர் கலந்து அடிக்கற டூ-கே கிளியர் ஸ்பிரேவும் வீட்ல வேண்டாம், அதுல இருக்கற ஐசோசயனேட் நெஞ்சுக்கு ஆகாது, சாதா துணி மாஸ்க் அதத் தடுக்காது, பெயிண்ட் பூத்ல தகுந்த மாஸ்க் போட்டவங்க அடிக்கட்டும்.

கேள்வி: எங்க அப்பா காலத்து மெர்சிடஸ், இ220, தொண்ணூறுகள்ல வாங்கினது. எஸ்டேட் பங்களாலதான் நிக்குது, மாசத்துல ரெண்டு மூணு தடவ சேலத்துக்கு எறங்குவோம். கன்சோல் மரத்துல லேசான கீறல் இருக்கு, அதவிட மெல்லிசான வெடிப்பு நிறைய, சில எடத்துல பால் ஊத்தினாப்புல வெள்ளை. இதுவும் பாலிஷ்ல போகுமா?
– ஏற்காடு வாசகர்

பதில்: ஐயா, இன்னைக்கு வந்த லெட்டர்ல நெஜ மரம்னு உறுதியா சொல்லக்கூடியது உங்களோடது ஒண்ணுதான். அந்த மாடல் 1995ல இருந்து புனே பக்கம் டெல்கோ (இப்ப டாடா மோட்டார்ஸ்) தொழிற்சாலைல அசெம்பிள் ஆகி வந்தது, டபிள்யூ124ன்னு சொல்லுவாங்க. அந்த வரிசை வண்டிகள்ல ஜீப்ரானோ, பர்ல் வால்நட் இந்த ரெண்டு மரம் பாக்கலாம். நீளநீளமா கருப்புக் கோடு ஓடினா ஜீப்ரானோ, ஆப்பிரிக்கா மரம். கணுக்கணுவா சுழி சுழியா இருந்தா வால்நட். நெஜ மரம்னாலும் முழுக் கட்டை இல்ல, ஒரு மில்லிமீட்டர்கூட வராத வெனீர்ங்கற மரச் சீவல், அடில வேற தகடோ பலகையோ, மேல கெட்டியா லேக்கர். உங்களோட லேக்கர், இன்னோவாக்காரரோட கிளியர் மாதிரி பல மடங்கு தடிமன், அதனால வெடிப்பு இல்லாத எடத்துல இருக்கற கீறல தாராளமா பாலிஷ் பண்ணலாம், பயம் வேண்டாம்.

ஆனா வெடிப்பு வேற வியாதி. மரம் ஈரம் குடிச்சா ரேகைக்குக் குறுக்கால உப்பும், காய்ஞ்சா சுருங்கும். லேக்கர் வயசாக ஆக வெயில்ல இறுகி அந்த அசைவுக்கு ஈடு குடுக்காது, அதனால ரேகையோடவே வெடிக்கும். உங்க வண்டி இருக்கற நெலமைய யோசிச்சுப் பாருங்க, 1500 மீட்டர் ஒசரத்துல மழை மாசத்துல நாள் கணக்கா பனி மூடி நிக்குது, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி 280 மீட்டர்ல இருக்கற சேலத்துக்கு வந்து, அக்னி நட்சத்திரத்துல கடைவீதில கண்ணாடிய ஏத்தி நிறுத்தறீங்க, மூடின காருக்குள்ள டேஷ்போர்டு 70 டிகிரிக்கு மேலகூட போகும். சாயங்காலம் திரும்ப பனிக்குள்ள. முப்பது வருஷம் இந்த ஆட்டத்துக்கு அந்த லேக்கர் இவ்வளவு நாள் நின்னதே பெருசு. வெள்ளை தெரியற எடத்துல வெடிப்பு வழியா ஈரம் போய் லேக்கர் மரத்த விட்டுப் பிரிஞ்சிருக்கு, அங்க காத்து பூந்திருக்கு.

அதனால வெடிப்பு மேல பாலிஷ் போடாதீங்க. வெள்ளைப் பொடி வெடிப்புக்குள்ள போய் உக்காந்தா ஒவ்வொரு வெடிப்பும் சுண்ணாம்புக் கோடு போட்டாப்புல எடுத்துக் காட்டும், திரும்ப எடுக்கவே முடியாது. அது சரியாகணும்னா பேனலக் கழட்டி பழைய லேக்கர முழுசா எடுத்துட்டு, வெனீருக்கு நெறம் குடுத்து, புதுசா பாலியூரித்தேன் (பி.யூ.) இல்லன்னா பாலியெஸ்டர் கிளியர் பல கோட்டு அடிச்சு, மட்டம் தட்டி பாலிஷ் பண்ணணும். இது நல்ல ஃபர்னிச்சர் பாலிஷ்காரருக்குத் தெரிஞ்ச வேலைதான், அந்தவகைல மேல நான் ஓரம் கட்டின ஆசாரி மாதிரி ஆளுங்கதான் உங்களுக்கு ஆபத்பாந்தவன். ஆனா சொல்லிக் குடுங்க, மிஷின் சாண்டர் தொடக் கூடாது, வெனீர் ஒரு இழுப்புல போயிடும். கழட்டறப்ப ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பாம நைலான் பட்டையால நெம்பச் சொல்லுங்க, அந்த வயசு கிளிப் எல்லாம் தொட்டா ஒடியும். சுவிட்ச், ஒயர் வர்ற பேனல்னா பேட்டரி ஒயரக் கழட்டிட்டு ஆரம்பிக்கணும். ஒரு பீஸ்தான் மோசம்னா சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பக்கம் பழைய பார்ட்ஸ் கடைல தேடிப் பாக்கலாம், ஆனா மரத்துக்கு மரம் ரேகையும் நெறமும் மாறும், ஒரு பீஸ் மட்டும் துண்டாத் தெரியும். எனக்கென்னவோ அந்த வெடிப்போடயே ஓட்டறதுதான் அழகுன்னு தோணுது, அப்பா வண்டி அப்பா வண்டியாவே இருக்கும். அது உங்க இஷ்டம்.

கேள்வி: புது வண்டில உட் பேனல் பளபளப்பே இல்லாம மர ரேகைய தடவிப் பாத்தா கைக்குத் தெரியற மாதிரி இருக்கு. அதுல சின்ன கோடு.
– சீலநாயக்கன்பட்டி வாசகர்

பதில்: அது மேட் ஃபினிஷ், ஓபன் போர்னு சொல்வாங்க. மேல சொன்ன எதையும் செய்யாதீங்க. தேய்ச்ச எடம் மட்டும் பளபளன்னு ஆயிடும், கோட்ட விட அந்தத் திட்டு அசிங்கமா இருக்கும், மங்கலாக்கறது கையால ஆகற காரியம் இல்ல. ஈரத் துணில தொடைங்க, ரேகைக்கு ஏத்த நெறத்துல ஃபர்னிச்சர் டச்-அப் மார்க்கர் கிடைக்குது, கோட்டுக்குள்ள மட்டும் தொட்டு உடனே தொடைச்சு விடுங்க.

கேள்வி: கீறல் விழாம இருக்க என்ன பண்ணலாம்? வாரா வாரம் சுத்தமா தொடைக்கறேன், ஷைன் ஸ்பிரேயும் அடிக்கறேன், அப்படியும் விழுதே?
– கருப்பூர் வாசகர்

பதில்: தொடைக்கறதாலதான் விழுது. உங்க பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூசி, ரோட்டு மண்ணு, ரெண்டும் உள்ள வரும். கல்லோட கடினத்த ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் அளக்கற மோஸ் கணக்குல வெள்ளைக்கல் நாலு சுமாருக்கு, மணல்ல இருக்கற குவார்ட்ஸ் ஏழு, கிளியர் கோட்டு இது ரெண்டையும் விட மெதுசு. காய்ஞ்ச துணில தொடைச்சா அந்த மணிய இழுத்துட்டுப் போய் நீங்களே கோடு போடறீங்க. அதுலயும் ஒர்க் ஷாப்ல குடுக்கற பனியன் வேஸ்ட்டா இருந்தா தையல் ஓரமும் எலாஸ்டிக்கும் சேர்ந்து கீறும். பிரஷ்ல தள்ளுங்க, ஈரத் துணில ஒத்துங்க, அது போதும். ஷைன் ஸ்பிரேல பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய், பளபளப்பு காட்டிட்டு தூசியப் பிடிச்சு வெச்சுக்கும், நாளைக்கு அந்தப் பேனலுக்கு கிளியர் அடிக்கணும்னா சிலிக்கான் மேல பெயிண்ட் ஒட்டாம குழி குழியா விலகும்.

அப்புறம் கியர் பக்கத்துத் தட்டுல சாவிக்கொத்து, சில்லறை, டோல் ரசீது குத்தின பின்னு, எல்லாத்தையும் போட்டுட்டு ஏற்காடு ஏறறீங்க, ஒவ்வொரு வளைவுலயும் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். ஒரு ரப்பர் மேட்ட வெட்டிப் போடுங்க. தட்டுவடை செட்ட வண்டிக்குள்ள வெச்சு சாப்பிடறவங்க சட்னியோ பீட்ரூட்டோ சிந்தினா அப்பவே ஈரத் துணில எடுங்க, காய விட்டு நகத்தால சுரண்டாதீங்க, பீட்ரூட் கறை கிளியர்ல ஒட்டாது, சுரண்டல்தான் நிக்கும். வெயில்ல நிறுத்தறப்ப கண்ணாடிக்கு சன் ஷேடு. கை அடிக்கடி படற எடத்துக்கு பிபிஎஃப்னு மெல்லிசா ஒட்டற ஃபிலிம் வருது, சின்னக் கீறல அது வாங்கிக்கும். பழைய, லேக்கர் வெடிச்ச மரத்துல மட்டும் ஒட்டாதீங்க, உரிக்கறப்ப லேக்கரும் கூடவே வரும்.

கேள்வி: முன்னாடி ஓனர் ஒட்டின உட் ஸ்டிக்கர் கிட் பாதி உரிஞ்சு தொங்குது. அதுல இருக்கற கீறலயும் பாலிஷ் பண்ணணுமா?
– கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: வேண்டாம், உரிச்சுடுங்க. ஹேர் டிரையர்ல மிதமா சூடு காட்டி, ஒரு மூலைல இருந்து படுத்தவாக்குல மெதுவா இழுங்க, இழுத்துக்கிட்டே சூடு காட்டுங்க. ஒரே எடத்துல டிரையர நிறுத்தாதீங்க, ஏர்பேக் மூடிப் பக்கம் சூடு காட்டவே வேண்டாம். மிஞ்சின கம் மேல கொஞ்சம் எண்ணெய் தடவி பத்து நிமிஷம் ஊற விட்டு துணில உருட்டி எடுங்க, அப்புறம் ஷாம்பு தண்ணி. அடில கம்பெனி குடுத்த பேனல் நிழல்லயே இருந்ததால நல்லாத்தான் இருக்கும், ஸ்டிக்கர் மூடாத எடம் கொஞ்சம் வெளுத்திருந்தா அந்த வித்தியாசம் மட்டும் நிக்கும்.